நாய்க்குப் பச்சை இறைச்சியா, வெந்த சோறா?



2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம் நம் நகரின் செய்தி ஒன்று நாடெங்கும் பேசப்பட்டது. அப்போதிருந்த பெங்களூரு மாநகராட்சி, சுமார் 5,000 தெருநாய்களுக்கு நாள்தோறும் சமைத்த உணவு வழங்க ஒப்பந்தப்புள்ளி கோரியது. ஆண்டுக்குச் செலவு 2 கோடியே 88 இலட்சம் ரூபாய். ஒரு நாய்க்கு 150 கிராம் கோழிக்கறி, 100 கிராம் அரிசி, 100 கிராம் காய்கறி, 10 கிராம் எண்ணெய், சிறிது உப்பு, மஞ்சள். "மனிதனுக்கே கிடைக்காத பிரியாணி நாய்க்கா?" என்று பலர் கேலி செய்தார்கள். அந்த அரசியல் நமக்கு வேண்டாம். நகரத்துத் தெருநாய்க்குச் சமைத்த உணவு போட வேண்டும் என்று பேசப்பட்ட அதே காலத்தில், வசதியான வீடுகளில் வளரும் நாய்களுக்குச் சமைக்காத பச்சை இறைச்சி போடும் வழக்கம் பரவி வருகிறது. இவற்றில் எது சரி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நான் கால்நடை மருத்துவன் அல்லன். பொறியியல் டிப்ளமோ படித்து, இரயில்வேயில் சேர்ந்து, பெரும்பகுதிக் காலத்தை டீசல் என்ஜின்களோடு கழித்து ஓய்வு பெற்றவன். ஆனால் எந்த என்ஜினுக்கு எந்த எரிபொருள், எத்தனை லிட்டர், எதனால் பழுது என்று கணக்கெழுதிப் பழகிய கைக்கு, நாயின் சாப்பாட்டையும் அப்படியே கணக்கிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. படித்ததையும், கால்நடை மருத்துவர்களிடம் கேட்டறிந்ததையும் இங்கே வரிசைப்படுத்தித் தருகிறேன்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது?

நாய்க்கென்று தனி உணவு விற்கும் தொழில் மிகப் பழையது அன்று. 1860-களில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் இலண்டனில் நாய் பிஸ்கட் தயாரித்து விற்கத் தொடங்கினார். அதற்கு முன் உலகெங்கும் நாய்கள் மனிதன் தின்று மிஞ்சியதையும், கறிக்கடைக் கழிவையும், தானியக் கஞ்சியையும் தின்றே வளர்ந்தன. இருபதாம் நூற்றாண்டில் டப்பா உணவும் உலர்ந்த உருண்டை உணவும் பெருகின.

இதற்கு எதிர்க்குரலாக 1993-இல் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் ஒரு நூல் எழுதினார். நாயின் உடல் பச்சை இறைச்சிக்கும் எலும்புக்கும் ஏற்றது, ஆலை உணவே பல நோய்களுக்குக் காரணம் என்பது அவர் வாதம். 'பார்ஃப்' என்ற பெயரில் அம்முறை பல நாடுகளுக்கும் பரவியது. இப்போது பெங்களூரிலும் உறைய வைத்த பச்சை இறைச்சிப் பொட்டலங்கள் வீடு தேடி வருகின்றன.

ஓநாய் வாதம்

எங்கள் குடியிருப்பில் மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருக்கிறது. அவ்வீட்டுப் பிள்ளை கல்லூரியில் படிக்கிறான். தன் நாய்க்கு ஓராண்டாகப் பச்சைக் கோழியும் ஆட்டு ஈரலும் கொடுத்து வந்தான். ஏன் என்று கேட்டேன். "மாமா, நாய் ஓநாய் வம்சம். காட்டுல அதுக்கு யாரு குக்கர் வெச்சுக் கொடுத்தா?" என்றான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த வாதத்தில் பாதிதான் உண்மை.

நாய் ஓநாயின் வம்சம் என்பது சரி. ஆனால் மனிதனோடு பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்ததில் அதன் வயிறு மாறிவிட்டது. சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் இதை எடுத்துக் காட்டினார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியைச் சுரக்கச் செய்யும் மரபணு ஓநாயிடம் 2 பிரதிகளே உள்ளது. நாய்களிடமோ 4 முதல் 30 பிரதிகள் வரை காணப்பட்டன. மனிதன் உழுது பயிரிடத் தொடங்கியபோது, அவன் அடுப்படியில் நின்ற நாயும் சோற்றுக்குப் பழகிக்கொண்டது என்பதே இதன் பொருள்.

நம் ஊர் அனுபவமும் இதைத்தான் சொல்கிறது. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி ஆகிய நம் நாய்கள் கூழும் கஞ்சியும் மோர்ச்சோறும் குடித்து வளர்ந்தவை. கறி என்பது அவற்றுக்கு வேட்டை கிடைத்த நாளிலும் திருவிழா நாளிலும்தான். கர்நாடகத்தின் முதோல் வேட்டை நாய்க்குச் சோளக் கஞ்சியும் பாலும் கொடுத்தே வளர்ப்பார்கள். இங்குள்ள கிராமங்களில் வீட்டார் உண்ணும் இராகி முத்தேயில் ஓர் உருண்டை நாய்க்கும் உண்டு. இராஜபாளையத்துக்கும் முதோலுக்கும் 2005-ஆம் ஆண்டு ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை தபால் தலை வெளியிட்டுப் பெருமை செய்தது. அந்தப் பெருமைக்குரிய உடற்கட்டு தானியமும் பாலும் கலந்து வந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

பச்சை இறைச்சியில் நன்மை உண்டா?

உண்டு. இல்லை என்று ஒரேயடியாகத் தள்ளுவது நேர்மை ஆகாது.

முதலாவது, பச்சை இறைச்சி நாய்க்கு நன்றாகச் செரிக்கிறது. அதனால் மலத்தின் அளவு குறைகிறது. சாப்பிட மறுக்கும் நாய்கூட ஆவலோடு உண்கிறது. கொழுப்புச் சத்து போதிய அளவு கிடைப்பதால் முடி மினுமினுக்கிறது.

இரண்டாவது, பல். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் பீகிள் இன நாய்களுக்குப் பச்சை மாட்டெலும்பு கடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். சில வாரங்களுக்குள் பற்காறை பெருமளவு குறைந்தது.

மூன்றாவது, பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் பல ஆண்டுகளாக நாய் வளர்ப்போரிடம் வினாப்பட்டியல் கொடுத்துத் தகவல் திரட்டி வருகிறார்கள். குட்டிப் பருவத்தில் ஆலை உணவு அல்லாத இறைச்சி உணவும் வீட்டுச் சாப்பாட்டின் மிச்சமும் உண்ட நாய்களுக்குப் பிற்காலத்தில் நாட்பட்ட குடல் நோய் குறைவாகக் காணப்பட்டதாக 2023-இல் எழுதினார்கள். ஆனால் இது வளர்ப்போர் நினைவிலிருந்து சொன்னதை வைத்துக் கண்ட தொடர்பு. காரணம் இதுதான் என்று அது நிறுவவில்லை. மேலும், அந்தக் கணக்கில் வீட்டுச் சாப்பாட்டின் மிச்சமும் நன்மைப் பக்கத்தில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

நான்காவதாக, தன் கையால் வாங்கிப் போடுவதால் நாயின் வயிற்றுக்குள் என்ன போகிறது என்பது நமக்குத் தெரியும்.

இப்போது ஒரு கேள்வி. இவற்றில் எத்தனை நன்மை 'பச்சை' என்பதால் வந்தது? எத்தனை நன்மை 'நல்ல, புதிய இறைச்சி' என்பதால் வந்தது? செரிமானம், ருசி, மினுமினுப்பு, உள்ளிருப்பது தெரிதல் ஆகியவற்றில் பெரும்பகுதி அதே கறியை வேகவைத்துக் கொடுத்தாலும் கிடைக்கும். பல்லுக்குப் பல் துலக்கும் வழி இருக்கிறது. நாய்களுக்கென்று தனிப் பற்பசையும் கிடைக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மறுபக்கத்தைப் பாருங்கள்.

மறுபக்கம்: கிருமியும் புழுவும்

பச்சை இறைச்சியில் சால்மொனெல்லா, லிஸ்டீரியா, ஈ-கோலி போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010 முதல் 2012 வரை செல்லப்பிராணி உணவுகளைச் சோதித்தது. பச்சை உணவு மாதிரிகள் 196-இல் 15-இல் சால்மொனெல்லாவும் 32-இல் லிஸ்டீரியாவும் இருந்தன. அந்நாட்டுக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-இல், கிருமி நீக்காத பச்சை இறைச்சியை நாய் பூனைகளுக்குத் தர வேண்டாம் என்று அறிவித்தது.

"என் நாய்க்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். ஆகாமல் இருக்கலாம். ஆனால் நாய் நோயின்றி இருந்துகொண்டே அந்தக் கிருமியைத் தன் மலத்திலும் வாயிலும் சுமக்கும். வீட்டுத் தரையில் தவழும் குழந்தைக்கும், முதியவருக்கும், கருவுற்ற பெண்ணுக்கும் அது போய்ச் சேரும். லிஸ்டீரியா தாய்க்குச் சாதாரணக் காய்ச்சலாகக் கடந்து போனாலும் வயிற்றுக் கருவைக் கலைத்துவிட வல்லது.

"ஃப்ரீசரில் வைத்ததுதானே" என்ற பதிலும் சரியன்று. குளிர் பெரும்பாலான கிருமிகளைத் தூங்க வைக்குமே தவிரக் கொல்லாது. பொட்டலத்தை வெளியே எடுத்து வைத்தால் அவை மீண்டும் பெருகத் தொடங்கும்.

இதைவிட நம் நாட்டுக்கு முக்கியமானது ஒரு நாடாப்புழு. எக்கினோகாக்கஸ் என்பது அதன் பெயர். சில மில்லிமீட்டர் நீளமே உள்ளது. ஆடு மாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் இது நீர்க்கட்டியாக இருக்கும். அந்த உறுப்புகளைப் பச்சையாகத் தின்னும் நாயின் குடலில் புழுவாக வளரும். நாய்க்கு எந்த அறிகுறியும் தெரியாது. அதன் மலத்தோடு வெளிவரும் முட்டை மண்ணிலும் நாயின் முடியிலும் ஒட்டிக் கிடக்கும். நாயைக் கட்டிக் கொஞ்சிய கையைக் கழுவாமல் வாயில் வைத்தால் போதும். மனிதனின் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி வளரத் தொடங்கும். மெதுவாக வளர்வதால் பல ஆண்டுகள் கழித்தே தெரியவரும். அறுவைச் சிகிச்சைவரை கொண்டுபோகும். ஈரல், நுரையீரலை அரை மணி நேரம் கொதிக்க வைத்தால் இந்தக் கட்டிகள் செத்துவிடும். அவ்வளவு எளிய தடுப்பு.

பறவைக் காய்ச்சலும் இப்போது இந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், பச்சை வான்கோழி உணவு தின்ற வீட்டுப் பூனை ஒன்று அக்காய்ச்சலால் இறந்தது. அதே மாதம் நாக்பூர் அருகே கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இறந்தன. அங்கும் பறவைக் காய்ச்சல்தான் என்று 2025 ஜனவரியில் உறுதியாயிற்று. உண்ட கோழி இறைச்சி வழியே வந்திருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டது. புலிக்கே இந்நிலை என்றால் வீட்டு நாயைச் சொல்ல வேண்டுமா?

மறுபக்கம்: சுண்ணாம்புக் கணக்கு

கிருமியை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும், கறி மட்டும் முழு உணவு ஆகாது. எலும்பில்லாத ஒரு கிலோ கறியில் பாஸ்பரஸ் ஏறக்குறைய 2 கிராம் இருக்கிறது. கால்சியம் எனப்படும் சுண்ணாம்புச் சத்தோ அதில் இருபதில் ஒரு பங்குதான். நாய்க்கு வேண்டியது இரண்டும் ஏறக்குறையச் சம அளவு, சுண்ணாம்பு சற்றே கூடுதல். பற்றாத சுண்ணாம்பை உடம்பு எங்கிருந்து எடுக்கும்? தன் எலும்பிலிருந்தே எடுக்கும். தூணிலிருந்து கம்பியை உருவி மேல்தளத்துக்குப் போடுவது போலத்தான் இது. வளரும் குட்டிக்குக் கறி மட்டுமே போட்டால் கால் வளையும், எலும்பு தானே முறியும். இதைக் கால்நடை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள்.

ஒரு கோழி முட்டையின் ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் உள்ளது. ஆகவே ஒரு கிலோ எலும்பில்லாக் கறிக்கு ஒரு முட்டை ஓட்டின் தூள் என்பது நினைவில் வைக்க எளிய கணக்கு. ஓட்டைக் கொதிநீரில் போட்டு எடுத்து, உலர்த்தி, மிக்ஸியில் மாவாக அரைக்க வேண்டும்.

நாயை அனுப்பிவிடலாமா?

முன்னே சொன்ன மதுரைக் குடும்பத்துக்கு வருகிறேன். சில மாதங்களுக்கு முன் அவ்வீட்டு மூத்த பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். பச்சைக் கறி சங்கதி தெரிந்ததும் சம்பந்தி வீட்டார், "பிள்ளை பெறுகிற வீட்டில் இந்த நாய் ஆகாது, எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்றார்கள். ஐந்து வருடம் வளர்த்த நாய். பிள்ளை சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். தாயோ பெண்ணையும் விட முடியாமல், பிள்ளையையும் பார்க்க முடியாமல் தவித்தார்.

என்னை அழைத்தபோது நான் ஒன்றே சொன்னேன்: "பழுது நாயில் இல்லை, தட்டில் இருக்கிறது. தட்டை மாற்றுங்கள்." அவர்கள் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். அவர் மலச் சோதனை செய்து, நாடாப்புழுவுக்கும் சேர்த்துப் பூச்சி மருந்து கொடுத்து, தடுப்பூசிகளைச் சரிபார்த்து, வெந்த உணவுக்கு மாறச் சொன்னார். மலம் அள்ளும் வேலையைக் கருவுற்ற பெண் செய்யக் கூடாது என்றும் கூறினார். பிள்ளை முதலில் முறைத்தான். "அதுக்குப் பிடிக்காது மாமா" என்றான். நாய்க்கு அந்தக் கொள்கை ஏதும் இல்லை போலும், வெந்ததையும் நக்கித் துடைத்தது. இன்று அவ்வீட்டில் தொட்டிலும் இருக்கிறது, நாயும் இருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடிய உணவு

நாய்க்கு ஒரு நாளைக்கு எத்தனை கலோரி வேண்டும்? நாயின் எடையை 30-ஆல் பெருக்கி 70 கூட்டுங்கள். சும்மா படுத்திருக்கும் நாயின் தேவை அது. வீட்டில் சாதாரணமாக ஓடியாடும் வளர்ந்த நாய்க்கு, கருத்தடை செய்திருந்தால், அதை 1.6-ஆல் பெருக்க வேண்டும். 20 கிலோ நாய்க்கு 670, பெருக்கினால் 1,072 கலோரி.

இதற்கு ஒரு நாள் அளவு, சமைக்குமுன் எடை: எலும்பில்லாக் கோழிக்கறி 300 கிராம், அரிசி 120 கிராம், முட்டை 1, ஈரல் 20 கிராம், காரட், பூசணி, பீன்ஸ் சேர்த்து 100 கிராம், எண்ணெய் இரண்டு தேக்கரண்டி. கூட்டினால் ஆயிரத்துச் சொச்சம் கலோரி வரும். பாதி முட்டை ஓட்டின் தூளைக் கலந்தால் சுண்ணாம்புக் கணக்கும் ஏறக்குறைய நேராகும். அரிசிக்குப் பதில் கேழ்வரகுக் களியும் ஆகும். இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம்.

குக்கரில் வேகவையுங்கள். முழு அழுத்தத்தில் குக்கரின் உள்ளே வெப்பம் ஏறக்குறைய 120 டிகிரி. கோழிக்கறியின் கிருமி சாக 74 டிகிரியே போதும். வெந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். கரைந்த சத்து அதில்தான் இருக்கிறது. சோற்றோடு பிசைந்து விடுங்கள்.

துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ ஆகியவை இந்த உணவில் போதாது. அதற்கான சத்துத்தூளை மருத்துவரிடம் கேட்டே சேர்க்க வேண்டும். குட்டிகளுக்கும், சினை நாய்க்கும், சிறுநீரகக் கோளாறுள்ள நாய்க்கும் இந்த அளவு பொருந்தாது. அவற்றுக்கு மருத்துவர் சொல்வதே சட்டம்.

எதை மாற்றினாலும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒரு வாரம் முதல் பத்து நாள்வரை பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள். மாதம் ஒருமுறை எடை போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஷெட்டில் என்ஜினுக்கு நாங்கள் எழுதிய பதிவேடு போலத்தான். எண் பொய் சொல்லாது.

தட்டில் விழக்கூடாதவை

வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். எனவே நம் வீட்டுச் சாம்பார், குருமா, பிரியாணி மிச்சம் வேண்டாம். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவை நஞ்சு. பாயசத்தில் கிடக்கும் திராட்சையும் அதில் சேர்த்தி. வெந்த எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும். விருந்து முடிந்து இலையோடு எலும்பைப் போடும் பழக்கத்தை விட வேண்டும். பச்சை எலும்பும் ஆபத்தில்லாதது அன்று. பல் உடையும், தொண்டையில் சிக்கும்.

தெருவைப் பற்றி ஒரு வார்த்தை

பச்சைக் கறி தின்றால் நாய்க்கு வெறி பிடிக்கும் என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. வெறிநோய் ஒரு வைரஸால் வருவது. கறி தின்பதனால் வருவதன்று. ஆனால் கறிக்கழிவைத் தெருவில் கொட்டினால் நாய்கள் கூட்டமாகச் சேரும், அந்த இடத்தைத் தன் எல்லையாக்கிக் கொள்ளும். 2007-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெங்களூரில் இரண்டு சிறு குழந்தைகள் தெருநாய்க் கூட்டங்களால் உயிரிழந்தபோது, திறந்தவெளியில் கொட்டப்படும் இறைச்சிக் கழிவே பெரிதாகப் பேசப்பட்டது. தெருநாய்க்கு உணவிடத் தனி இடங்கள் ஒதுக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இரக்கம் உள்ளவர்கள் வெந்த சோற்றை, உரிய இடத்தில், கழிவு மிஞ்சாமல் வைக்கட்டும். கூடவே கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் ஒரு கை கொடுக்கட்டும்.

முடிவாக

பச்சை உணவு முறையார் நமக்கு ஒரு நல்ல பாடம் கற்பித்தார்கள். நாயின் தட்டில் என்ன விழுகிறது என்பதைக் கவனி, தரமான இறைச்சி கொடு என்பதே அது. அந்தப் பாடத்தை ஏற்றுக்கொள்வோம். அதோடு அடுப்பையும் ஏற்றிக்கொள்வோம். குழந்தைகளும் முதியவர்களும் சேர்ந்து வாழும் நம் வீடுகளுக்கு இதுவே பாதுகாப்பு.

வாசகர்கள் தங்கள் ஊரில் நாய்க்கு என்ன கொடுத்து வளர்த்தார்கள் என்பதை எழுதி அனுப்பினால், இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகளும் அறிந்துகொள்வார்கள். இன்று மாலை ஒரு சிறு வேலை செய்யுங்கள்: உங்கள் நாய்க்குக் கடைசியாகப் பூச்சி மருந்து கொடுத்த தேதியைத் தேடிப் பாருங்கள். தேதி நினைவில் இல்லையென்றால், நாளையே கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.